மூடினால் அடங்காத சத்தம்

வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறவர்கள் மைக்கை ஆன் செய்வதற்கு முன்னால் சீலிங் ஃபேனை நிறுத்துவார்கள். அடுத்து ஏசி. பிறகு ஜன்னலைச் சாத்தி, கனத்த திரையை இழுத்து விடுவார்கள். சென்னையில் கத்திரி வெயில் காலத்தில் இத்தனையும் செய்துவிட்டு ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதுவரை யார் காதிலும் விழாத ஒரு சத்தம் அப்போதுதான் மேசைக்கு அடியிலிருந்து கேட்க ஆரம்பிக்கும். கம்ப்யூட்டரின் இரைச்சல். அறை சூடாகச் சூடாக அதுவும் ஏறும். பேசுகிறவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறவன். என்னிடம் வருகிறவர்களில் பலர் டப்பிங் பேசுகிறவர்கள், பாட்டு மிக்ஸ் செய்கிறவர்கள், பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, சத்தமே வரக்கூடாது. ஆனா சூடாகி நின்னுடவும் கூடாது." ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பெற முடியும் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள். அந்தத் தயக்கமே தேவையில்லை. காற்று தாராளமாக வந்து போகிற கேபினட்தான் சத்தம் போடாத கேபினட். நாலாபுறமும் மூடி, உள்ளே பஞ்சு ஒட்டினால் அமைதி வரும் என்பது பழைய நம்பிக்கை. அதற்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது.

இன்டெல் 1995-இல் மதர்போர்டுக்கும் கேபினட்டுக்கும் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தபோது, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் கேபினட்டின் பின்பக்கம் மேலே இருந்தது. பல வருடங்களுக்கு அதன் ஃபேன்தான் உள்ளே இருக்கிற சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளியது. அப்போதைய பிராசசருக்கு அது போதும். 2004-இல் பிரெஸ்காட் வகை பென்டியம் 4 வந்தது. அதன் உச்ச மாடல்கள் 115 வாட் வரை போயின. உள்ளே இருந்ததோ 80 மி.மீ. ஃபேன்கள். சின்ன ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும், வேகமாகச் சுற்றினால் கீச்சிடும். போதாக்குறைக்கு ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120, அதாவது ஓயாத ஒரு 120 ஹெர்ட்ஸ் ரீங்காரம். அதற்கு மேல் தலை நகரும்போதெல்லாம் கறகற சத்தம்.

இத்தனை மூலங்களிலிருந்து வருகிற சத்தத்தை என்ன செய்வது? மூடுவதுதான் வழி. 2005-இல் ஆன்டெக் நிறுவனம் பி180 என்ற கேபினட்டை வெளியிட்டது. சத்தமில்லாத கம்ப்யூட்டர்களைப் பற்றி விடாமல் அளந்து எழுதிக்கொண்டிருந்த கனடாக்காரர் மைக் சின் அதன் வடிவமைப்பில் பங்கெடுத்தார். மூன்றடுக்குப் பக்கப் பலகை, முன்னால் கதவு, எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கீழே தனி அறை. எஸ்எம்பிஎஸ்ஸைக் கீழே இறக்கியது அன்றைக்குப் பெரிய விஷயம். இன்று கடையில் நீங்கள் பார்க்கும் கேபினட்டுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன. பிறகு ஸ்வீடனின் ஃபிராக்டல் டிசைன் தன் டிஃபைன் வரிசையை இதே பாதையில் கொண்டுபோனது. தடித்த கதவு, பலகையின் உட்புறம் தார் கலந்த கனமான தகடு, காற்றுக்குப் பக்கவாட்டில் மெல்லிய கீற்றுகள். அந்தக் காலத்துக்கு அருமையான பெட்டிகள். இப்போதும் அந்தக் கதவு சாத்தும்போது வரும் மெத்தென்ற சத்தத்தில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு.

ஆனால் மூடி வைக்க வேண்டிய சத்தங்களில் பாதி இப்போது இல்லை. சுற்றுகிற பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகு ஹார்டு டிஸ்கின் ரீங்காரம் போனது. 120, 140 மி.மீ. ஃபேன்கள் சாதாரணமாகிவிட்டன. கிராபிக்ஸ் கார்டும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் வேலை இல்லாதபோது தங்கள் ஃபேன்களையே நிறுத்திக்கொள்கின்றன. மிஞ்சியது ஃபேன் சத்தம் மட்டும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. சூடு எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறது என்பதைக் காற்றின் வழி தீர்மானிக்கிறது. வழியை அடைத்துவிட்டு சத்தத்தைக் குறைக்கப் பார்ப்பது, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறிவிட்டு மூச்சிரைக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது மாதிரி.

கணக்கு எளிமையானது. ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்று பாதியாகும், அதன் அழுத்தம் கால்வாசியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும் என்பதால் 15 என்பது மிகப் பெரிய இறக்கம். குறைந்த காற்றை ஈடுகட்ட அதே மாதிரி இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் மாட்டினால் 3 டெசிபல் கூடும். ஆக, வேகமான ஒரு ஃபேன் தள்ளிய அதே காற்று, மெதுவான இரண்டு ஃபேன்களில் 12 டெசிபல் குறைவான சத்தத்தோடு வந்துவிடுகிறது. என் தொழிலில் இதைவிட லாபமான பண்டமாற்றை நான் பார்த்ததில்லை. பெரிய ஃபேனுக்கும் இதே நியாயம்தான். 140 மி.மீ. ஃபேனின் பரப்பு 120-ஐ விட மூன்றில் ஒரு பங்கு அதிகம், 180 மி.மீ. ஃபேனுடையது இரண்டேகால் மடங்கு. பெரியது மெதுவாகச் சுற்றினாலே போதும்.

ஆனால் இந்த லாபத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு அழுத்தம் குறைவு என்று சொன்னேன் அல்லவா? எதிரே ஒரு கண்ணாடியோ, நெருக்கமான வலையோ, அடைத்த ஃபில்டரோ இருந்தால் அதனால் காற்றை இழுக்க முடியாது. சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று வராது. சத்தம் குறைய ஃபேன் மெதுவாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றுகிற ஃபேனுக்குத் தடையே இருக்கக்கூடாது. கேபினட்டின் முன்பலகையை நான் இவ்வளவு வெறித்துப் பார்ப்பது அதனால்தான்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 300 வாட் எரிக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் நிமிடத்துக்கு 60 கன அடி காற்று நிஜமாகவே புகுந்து வெளியேறினால், வெளியே போகிற காற்று உள்ளே வந்ததைவிட ஏறக்குறைய 9 டிகிரி கூடுதல் சூடாக இருக்கும். காற்று பாதியானால் 18 டிகிரி. இரட்டிப்பானால் நாலரை. முதல் அறுபது கன அடியில் கிடைக்கிற பலன் அடுத்த அறுபதில் கிடைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு, ஏழு, ஒன்பது ஃபேன் மாட்டிய கேபினட்டுகளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பெரும்பாலான வேலைக்கு இதற்கு மேல் தேவை வருவதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் கன அடிக் கணக்கு, எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. கேபினட்டுக்குள் மாட்டிய பிறகு அதில் பாதி வந்தாலே நல்ல கேபினட் என்பேன்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த அறையின் வெப்பநிலை என்ன என்பதைத்தான். பெரும்பாலும் 21, 22 டிகிரியில் சோதித்திருப்பார்கள். அங்கே பிராசசர் 62 டிகிரி காட்டினால், ஏசி நிறுத்திய 35 டிகிரி அறையில் அதே கேபினட்டில், அதே ஃபேன் வேகத்தில் 75 காட்டும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசசர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெல்லின் பல பிராசசர்களுக்கு வரம்பு 100. எண்பதைப் பார்த்ததும் பதறி ஃபேனை முழு வேகத்துக்குத் தள்ளுகிறவர்கள், தேவையே இல்லாத குளிர்ச்சிக்காகச் சத்தத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

இப்போது முன்பலகை. கடைகளில் வரிசையாக நிற்கும் கேபினட்டுகளை மூன்று இனமாகப் பிரித்துவிடலாம். முதல் இனத்துக்கு முன்னால் முழுக் கண்ணாடி, ஓரங்களில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. உள்ளே மூன்று வண்ண விளக்கு ஃபேன்கள் பளபளக்கும். பார்க்க அழகு, வேறு எதுவும் சொல்வதற்கில்லை. இரண்டாவது, மூடிய பலகை, பக்கங்களில் கீற்றுகள். கீற்று எத்தனை அகலம், ஃபேனுக்கும் பலகைக்கும் நடுவே எத்தனை இடம் என்பதைப் பொறுத்து இது தேறலாம், தேறாமலும் போகலாம். மூன்றாவது, முன்பக்கம் முழுவதும் வலை. இதிலும் ஏமாற்று உண்டு. வெளியே ஓட்டை போட்ட தகடு, அதற்குப் பின்னால் நெருக்கமான நைலான் ஃபில்டர், அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் என்று மூன்று திரை வைத்திருப்பார்கள். பெயரில் ஏர்ஃப்ளோ இருக்கும், காற்று இருக்காது.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. முன்பலகையைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஃபில்டரோடு சேர்த்துப் பார்க்கும்போது எதிர்ப்பக்கம் இருக்கும் ஆள் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. நிழல் மட்டும் தெரிந்தால் யோசிக்க வேண்டும். அடுத்து வாயைக் கிட்டே கொண்டுபோய் ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று படுகிறதா? ரிச்சி தெருவில் நான் பலகையை ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரிக்காத கடைப் பையன் இல்லை. இப்போது அவர்களில் சிலர் வாடிக்கையாளர்களை ஊதிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அசெம்பிள் செய்த பிறகு செய்கிற சோதனை இன்னும் நம்பகமானது. பிராசசருக்கு அரை மணி நேரம் முழு வேலை கொடுத்து வெப்பநிலை ஒரே இடத்தில் நிற்கட்டும். பிறகு ஃபேன் வேகத்தைத் தொடாமல் முன்பலகையை மட்டும் கழற்றி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் பலகையில் குறையில்லை. ஏழெட்டு டிகிரி இறங்கினால் அந்தப் பலகைதான் உங்கள் சத்தத்துக்குக் காரணம். காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஊதுபத்தி போதும். புகையை முன்பக்க ஃபேன்களின் ஓரத்தில் பிடித்தால் பல கேபினட்டுகளில் ஒரு வேடிக்கை தெரியும். ஃபேனுக்கும் முன்பலகைக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தின் வழியாக, உள்ளே போன சூடான காற்றே திரும்பி முன்னால் வந்து மறுபடி உறிஞ்சப்படும். ஃபேன் மாட்டாமல் விட்ட ஓட்டைகள்தான் அதற்குப் பாதை. கெட்டி அட்டையை அளவாக வெட்டி அந்த ஓட்டைகளை அடைத்தால் செலவே இல்லாமல் சில டிகிரி இறங்கும். மேல்பக்கமும் அப்படியே. மேலே, முன்பக்கமாக மாட்டிய ஃபேன், உள்ளே வந்த புதுக் காற்றைப் பிராசசரை அடையும் முன்பே வெளியே இழுத்துவிடும். நான் மேல் வலையின் முன்பாதியை அடைத்துவிடுகிறேன். வாடிக்கையாளர் ஃபேனை மாட்டியே தீர வேண்டும் என்றால் பின்பாதியில் ஒன்று.

"சூடான காற்று தானாக மேலே போகுமே" என்று கேட்பார்கள். போகும், ஆனால் இத்தனை சின்னப் பெட்டிக்குள் அந்த விசை மிக அற்பம். 500 சுற்றில் சோம்பலாகச் சுற்றும் ஃபேன்கூட அதைத் தன் வழிக்குத் திருப்பிவிடும்.

சத்தத்தின் அளவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் விஷயத்தின் பாதிதான் கிடைக்கும். பதிவு செய்கிறவர்களுக்குச் சத்தத்தின் குணம் முக்கியம். ஒன்பது இறக்கை உள்ள ஃபேன் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், இறக்கைகள் நொடிக்கு 150 முறை ஒரே இடத்தைக் கடக்கின்றன. 150 ஹெர்ட்ஸில் ஒரு முனகல். ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. ஆக அந்த முனகல் பேசுகிறவரின் குரலுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. மைக்கில் இருக்கிற, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற பொத்தானால் அதைத் தொட முடியாது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஃபேன் 980 சுற்றில் ஓடினால் அதன் முனகல் 147 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து நொடிக்கு மூன்று முறை வௌவௌ என்று ஏறி இறங்கும். மீட்டரில் அளந்தால் சொற்பச் சத்தம்தான், ஆனால் ஹெட்போனில் கேட்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். வேகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே விலக்கி வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் காதில் விழாது. ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 140 மி.மீ. ஃபேன்களை, இதற்காகவே சற்று மாறுபட்ட வேகம் கொண்ட ஜோடியாகவும் விற்கிறது. அவர்களுடைய ஃபேன்களின் காப்பித்தூள் நிறத்தை என் வாடிக்கையாளர்கள் யாரும் விரும்புவதில்லை. கண்ணாடிப் பலகை இல்லாத கேபினட்டில் மாட்டிவிட்டால் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஃபேனுக்கு முன்னால், அது காற்றை இழுக்கிற பக்கத்தில், கம்பியோ வலையோ நெருங்கி இருந்தால் முனகல் கூடும். காற்றைத் தள்ளுகிற பக்கத்தில் இருந்தால் அவ்வளவு பாதிப்பில்லை. எனவே ஃபேனுக்கும் முன் வலைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்ட கேபினட்டைத் தேடுவேன். பின்பக்க வெளியேற்றத்துக்குத் தகட்டில் அச்சடித்து வெட்டிய குறுகிய ஓட்டைகளைவிடத் தேன்கூடு வடிவ அகன்ற ஓட்டைகள் நல்லது. முன்பெல்லாம் பின்வலையை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு வட்டக் கம்பி கிரில்லைத் திருகி மாட்டுவோம். இப்போதைய கேபினட்டுகளில் அந்த வேலை பெரும்பாலும் மிச்சம்.

தகட்டின் கனத்தைப் பற்றியும் கொஞ்சம். பக்கப் பலகையைக் கழற்றி ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். டொக் என்று நின்றால் நல்லது. தகரம் மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தால், ஃபேனின் ஒவ்வொரு அதிர்வையும் அது பெரிதாக்கி ஊருக்குச் சொல்லும். விலை குறைந்த கேபினட்டுகளில் அரை மில்லிமீட்டர் தகடுதான் வருகிறது. முக்கால் மில்லிமீட்டர் இருந்தால் கையில் தூக்கும்போதே தெரியும். இங்கேதான் தார்த் தகட்டுக்கு வேலை. பலகையின் நடுவில் ஒரு துண்டு ஒட்டினால் அதிர்வு நிற்கும். பஞ்சு அப்படியில்லை. அது மேல்ஸ்தாயி சீறலைக் கொஞ்சம் குடிக்கும், 150 ஹெர்ட்ஸ் முனகலை ஒன்றும் செய்யாது. உள்ளே முழுக்கப் பஞ்சு ஒட்டிய கேபினட் என்று விளம்பரம் பார்த்தால், அந்தப் பஞ்சு எத்தனை காற்றோட்டையை மூடியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் இருக்கிற கம்பிச் சுருள் (காயில்) கீச்சிடுவதற்கு மட்டும் எந்த கேபினட்டிலும் முழு மருந்து இல்லை.

நம் ஊருக்கென்று சில பிரச்சினைகள் இருக்கின்றன. முதலாவது தூசி. சாலையோர வீட்டில் முன் ஃபில்டர் ஒரே மாதத்தில் சாம்பல் நிறக் கம்பளமாகிவிடும், பிறகு அது வலை அல்ல, சுவர். அதனால் ஃபில்டர் எவ்வளவு நெருக்கம் என்பதைவிட எவ்வளவு சுலபமாகக் கையில் வருகிறது என்பதே எனக்கு முக்கியம். கேபினட்டைப் படுக்க வைத்து, பின்னால் கைவிட்டு உருவ வேண்டிய ஃபில்டரை ஒருவரும் கழுவ மாட்டார்கள். முன்பக்கமாக உருவும்படி இருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் செய்துவிடுவார்கள். உள்ளே இழுக்கிற ஃபேன்கள் வெளியேற்றுகிறவற்றைவிட அதிகமாக இருந்தால், காற்று ஃபில்டர் வழியாக மட்டும் உள்ளே வரும், சந்துபொந்துகள் வழியாக வெளியே போகும். தூசி பாதியாகக் குறைய இந்த ஒரு ஏற்பாடு போதும். புளோயரால் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்ற விட்டால் பேரிங் கெடும், அடுத்த நாளிலிருந்து அதுவே தனிக் கச்சேரி நடத்தும்.

இரண்டாவது, பல்லி. சிரிக்க வேண்டாம். பின்னால் கார்டு மாட்டாத ஸ்லாட்டின் தகட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு அப்படியே விட்ட கேபினட்டுக்குள் பல்லி போய், மதர்போர்டில் ஷார்ட் ஆகி, இரண்டும் சேர்ந்து போன கதைகளை இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருமுறை பிய்த்தால் திரும்ப மாட்ட முடியாத தகடுகள் வைத்த கேபினட்டை நான் வாங்குவதில்லை. திருகாணி போட்டு மாட்டுகிறவையே நல்லது.

மூன்றாவதுதான் பெரியது: கம்ப்யூட்டர் டேபிள். நம் ஊர் டேபிள்களில் பக்கவாட்டில் கேபினட் வைக்க என்றே மூன்று பக்கம் பலகை அடித்து, முன்னால் சில சமயம் கதவும் வைத்த ஒரு பொந்து இருக்கும். எவ்வளவு நல்ல கேபினட்டை வாங்கி அதற்குள் தள்ளினாலும், பின்னால் வெளியேறிய சூடு போக வழியில்லாமல் சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும். முன்பலகைக்காக நாயாய் அலைந்ததெல்லாம் வீண். டேபிளின் பின்பலகையைக் கழற்றுங்கள், அல்லது கேபினட்டை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். மேசை மேல் வைத்தால் பலகை சேர்ந்து அதிரும். தரையில் வைத்தால் டைல்ஸ் அதிர்வைக் கடத்தும், அதற்குப் பழைய மவுஸ் பேடை நாலாக வெட்டிக் காலடியில் வைத்தால் போதும். காதிலிருந்து ஒரு மீட்டரில் இருந்ததை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு வராது, ஆனாலும் வித்தியாசம் தெரியும். அடுத்த அறையில் வைத்துவிட்டு சுவரில் துளை போட்டுக் கேபிளை இழுத்துவிட முடியுமானால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. இதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். வியாபாரம் கொஞ்சம் கெடும், பரவாயில்லை. வாடகை வீட்டுச் சுவரில் துளை போட யாருக்கும் துணிவு வராது என்பதால் திரும்பி என்னிடம்தான் வருவார்கள்.

கேபினட்டை முடிவு செய்யும் முன் உள்ளே என்ன போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். குரல் பதிவும் பாட்டு மிக்ஸிங்கும் மட்டும் செய்கிறவருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். பிராசசரில் இருக்கிற கிராபிக்ஸ் போதும். 65 வாட் பிராசசர், பெரிய ஹீட் சிங்க், வலை முன்பலகை, மூன்று மெதுவான ஃபேன். அந்த கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீடியோவும் செய்கிறவர் என்றால் 200 வாட் இழுக்கிற ஆர்டிஎக்ஸ் 4070 மாதிரி ஒரு கார்டு உள்ளே வரும். 450 வாட் இழுக்கிற 4090-ஐ வைத்துக்கொண்டு சத்தமும் வேண்டாம் என்பவரிடம் நான் பேசிப் புரியவைப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. அந்தக் கார்டு முழு வேலையில் இருக்கும்போது, ஏசி நிறுத்திய அறையில் இன்னும் நாலு பேர் வந்து உட்கார்ந்த மாதிரிதான். எந்த கேபினட்டும் அந்த நாலு பேரை வெளியே அனுப்பாது.

ஆனால் ஒரு விஷயம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. மைக் திறந்திருக்கும்போது கம்ப்யூட்டருக்குப் பெரிதாக வேலை இல்லை. வீடியோ ரெண்டர் ஆகும்போது மைக் மூடியிருக்கும். அமைதி தேவைப்படும் நேரமும் குளிர்ச்சி தேவைப்படும் நேரமும் ஒன்றல்ல. ஆகவே பயாஸில் ஃபேன் வேகத்தை வைக்கும்போது 65 டிகிரி வரை ஒரே வேகத்தில், 500, 600 சுற்றில், நேர்கோடாக வைத்துவிடுவேன். அதற்கு மேல்தான் ஏற்றம். வெப்பநிலை ஒரு நொடி துள்ளியதும் ஃபேனும் துள்ளாதபடி தாமத நேரத்தையும் கூட்டி வைப்பேன். பதிவில் ஒரே சீராக இருக்கும் இரைச்சலை மென்பொருள் சுலபமாகக் கழித்துவிடும். ஏறி இறங்குகிற இரைச்சலைக் கழிக்கப் போனால் குரலும் சேர்ந்து தேயும். சத்தம் கொஞ்சம் இருந்தாலும் மாறாமல் இருக்கட்டும் என்பது என் கட்சி.

இந்த வேகக் கட்டுப்பாட்டுக்கு ஃபேன்கள் மதர்போர்டின் பேச்சைக் கேட்க வேண்டும். விலை குறைந்த கேபினட்டுகளோடு வருகிற விளக்கு ஃபேன்கள் பல, மோலெக்ஸ் ஒயரில் நேராக 12 வோல்ட்டை வாங்கிக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை முழு வேகத்தில் சுற்றும். விளக்கின் நிறத்தை மாற்ற ரிமோட் தருவார்கள், வேகத்தை மாற்ற எதுவும் தர மாட்டார்கள். கேபினட் வாங்கும்போது ஃபேன் ஒயரின் முனையைக் கேட்டுப் பாருங்கள். நாலு முள் என்றால் சிறப்பு, மூன்று என்றால் சமாளிக்கலாம், மோலெக்ஸ் மட்டும் என்றால் புது ஃபேனுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

இப்போது எதை வாங்கலாம் என்ற கேள்வி. ஃபிராக்டல் டிசைனே 2017-இல் மெஷிஃபை சி என்று வலை முகப்போடு ஒன்றைக் கொண்டுவந்தது. மூடிய கேபினட்டுக்குப் பேர்போன நிறுவனம் முன்பக்கத்தைத் திறந்துவிட்டதே எனக்குப் பெரிய சான்று. 2021-இல் வந்த அவர்களுடைய டாரன்ட் இன்னும் துணிச்சலானது. முன்னால் இரண்டு 180 மி.மீ. ஃபேன்கள், எஸ்எம்பிஎஸ் திரும்பவும் மேலே. 1995-க்கே போய்விட்டார்களா என்று தோன்றும், ஆனால் அடிப்பகுதி முழுவதும் காற்றுக்குக் கிடைக்கிறது. பணமும் இடமும் இருக்கிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான். அதைவிடக் குறைந்த செலவில் லியான் லி லான்கூல் 216. முன்னால் இரண்டு 160 மி.மீ., பின்னால் ஒரு 140. வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை. வரவேற்பறையில் வைக்க வேண்டும், வீட்டில் உள்ளவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஃபிராக்டல் நார்த். மரப் பட்டைகளுக்குப் பின்னால் வலை, பார்வைக்கு நல்ல தளவாடம். ஜெர்மனியின் பி குவைட் நிறுவனம்கூட, பெயரிலேயே அமைதியை வைத்துக்கொண்டு, 2020-இல் பியூர் பேஸ் 500டிஎக்ஸில் வலை முகப்புக்கு வந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் பட்ஜெட் இடம் கொடுக்காதவர்களுக்கு நான் சொல்வது, பெயரில்லாத ஒரு வலை கேபினட்டை வாங்குங்கள், அதோடு வந்த ஃபேன்களைக் கழற்றிப் போடுங்கள், மிச்சப் பணத்தில் மூன்று நல்ல ஃபேன் வாங்குங்கள் என்பதுதான். விளக்குகளைக் கழித்துவிட்டால் பட்ஜெட் ஆச்சரியமாக நீளும்.

கடைக்குப் போகும்போது பக்கக் கண்ணாடியையும் விளக்கையும் காட்டத்தான் அவசரப்படுவார்கள். நீங்கள் முன்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஃபில்டரை உருவிக் காட்டச் சொல்லுங்கள், ஃபேன் ஒயரின் முனையைக் காட்டச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் காட்டத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.